கயாக்குக்கு எவ்வளவு காற்று?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்றடைத்த கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகில், மீன் பிடிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூண்டில், துடுப்பு, உட்காரும் விதம் எல்லாம் நன்றாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் காற்றைப் பற்றி ஒரே வரிதான், நன்றாக இறுகும்வரை நிரப்பவும் என்று. அந்த வரியை நம்பி யாராவது இறுக நிரப்பி உச்சிவெயிலில் விட்டுவிட்டால் படகு வீணாகிவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

என் முதல் கயாக் அப்படித்தான் போனது. விடியற்காலையில் நிரப்பி இறக்கினேன், பத்தரை மணிவாக்கில் கரையேற்றி வெயிலிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் ஒரு பக்கத்துக் காற்றுக் குழாய் தொங்கிப்போய்க் கிடக்கிறது, ஒட்டிய இடம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 டிகிரி வெப்பத்தில் 1.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) நிரப்பிய குழாய் 50 டிகிரிக்குச் சூடானால், விரிய இடமில்லாதபோது உள்ளே அழுத்தம் சுமார் 2.9 பிஎஸ்ஐ வரை ஏறும், கிட்டத்தட்ட இருமடங்கு. கறுப்புத் துணி வெயிலில் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது.

இதற்கு நேர்மாறாக, தண்ணீரில் இறக்கியதும் உள்ளே காற்று குளிர்ந்து படகு தளர்ந்துவிடும். ஓட்டை என்று பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் மிதக்கவிட்டு நாலு அடி பம்ப் அடித்தால் சரியாகிவிடும், ஆனால் கரையேற்றியதும் மறக்காமல் அப்படிக் கூடுதலாக அடித்த காற்றைத் திறந்துவிட வேண்டும். எவ்வளவு அடிப்பது என்பது வால்வுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். மேல் துணியையும் கீழ்த் துணியையும் உள்ளே நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும் தட்டையான அடித்தளம் பெரும்பாலும் 8 முதல் 10 பிஎஸ்ஐ கேட்கும், பக்கக் குழாய்க்கு அதைவிட மிகக் குறைவாகவே தேவைப்படும், இரண்டையும் ஒரே அளவில் நிரப்பினால் ஏதாவது ஒன்று கெடும். வண்டி டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸர் பக்கம் போகவே கூடாது.

தூண்டில் முள்ளைவிட மீன் முள்தான் எனக்கு அதிக வேலை வைத்திருக்கிறது. கெளுத்தி துள்ளும்போது அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விறைத்து நிற்கும், படகில் ஓட்டை விழ ஒரு குத்துப் போதும். மடியில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல்தான் மீனை எடுக்கிறேன். நல்ல கயாக்கில் காற்றறைகள் தனித்தனியாக இருக்கும், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும், அதற்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். கரையிலிருந்து தண்ணீரை நோக்கிக் காற்று அடித்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம், இலேசான படகு என்பதால் இலை மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஊசித்துளையைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரை போதும். தடவிவிட்டு உற்றுப் பார்த்துக் காத்திருங்கள், ஓரிடத்தில் மட்டும் குமிழி குமிழியாகக் கிளம்பும். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, துடைத்துக் காயவைத்து, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டைப் பிவிசி பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம், அது காய்ந்து விறைத்துப்போகும், படகை மடித்த மறுநாளே விண்டுவிடும்.

அப்புறம், கடலில் போனால் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இருக்கைக்கு அடியிலும் வால்வு இடுக்கிலும் மணல் தங்கும். மேலே காய்ந்துவிட்டது என்று மடித்து வைத்தால் அடித்தள மடிப்பில் நிற்கும் தண்ணீர் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். மடிக்கும் தடத்தையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றுங்கள், எலி வரும் இடத்தில் வைக்காதீர்கள்.

அந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி வருவதாக இருந்தால், எந்த வால்வுக்கு எந்த பம்ப் முனை பொருந்தும் என்று படத்தோடு போடச் சொல்லுங்கள். புதிதாக வாங்குபவர்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்