சீனச் சந்தைக்கு வரும் தமிழ் யூடியூபர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண வீடியோ நண்பர்களுக்கு,

வணக்கம். நான் தென் சீன நகரமான குவாங்சோவில் வேலை பார்க்கும் தமிழன். எங்கள் வீட்டுப் பக்கத்துத் தெருச் சந்தையில் உங்களில் ஒருவர் எடுத்த வீடியோ இங்குள்ள தமிழர்களின் வீசாட் குழுக்களில் எல்லாம் சுற்றியது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். சேனல் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஒருவர் மட்டும் செய்கிற வேலை இல்லை இது.

அதில் கீரை விற்கும் ஓர் அம்மா வருகிறார். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டியதும், கையில் இருந்த பிளாஸ்டிக் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். அந்த இடத்தைப் பெரிதாக்கிச் சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருக்கிறீர்கள். யூடியூப் இங்கே திறக்காது, சரி. ஆனால் யாரோ அந்தத் துண்டை டிக்டாக்கின் சீன வடிவமான டௌயினில் ஏற்றிவிட, அவர் மகன் பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டியிருக்கிறான். இங்கே சந்தையில் பெரும்பாலும் காசு கொடுப்பதே போனில்தான், கடையில் தொங்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும். இப்போது காசு கட்ட நான் போனை எடுத்தாலே அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அரைக் கிலோ கீரை வாங்கினால் ஒரு பிடி வெங்காயத்தாளைக் கொசுறாகப் பையில் திணித்தவர் அவர். அவர் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது?

கேட்டுவிட்டு எடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். "கே யி பாய் மா?" என்றால் எடுக்கலாமா என்று அர்த்தம். தலையை ஆட்டிச் சரி என்றால் எடுங்கள், கையை ஆட்டினால் நகருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீனக் குடிமைச் சட்டத்தின் 1019ஆம் பிரிவும், ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர் முகத்தைப் படமெடுத்து வெளியிடக்கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவிடம் இப்படி நடந்துகொள்ள உங்களுக்குத் துணிச்சல் வருமா?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. வீடியோவில் பாதி நேரம் தவளைக் கூடைதான். அதற்கு அடுத்த கடையிலேயே காராமணி, பீர்க்கங்காய், வள்ளைக்கீரை, தண்டுக்கீரை, வளையம் வளையமாக வெட்டி வைத்த சாம்பல் பூசணி, நம்ம ஊர்க் காயைவிடப் பருத்து வெளிறிய பாகற்காய் எல்லாம் குவிந்து கிடந்தன, ஒன்றையாவது காட்டினீர்களா? குச்சியில் குத்திய தேளுக்குப் பேர்போன பெய்ஜிங் தோங்ஹுவாமென் இரவுச் சந்தையை 2016லேயே மூடிவிட்டார்கள், அந்தத் தேளும் பெரும்பாலும் சுற்றுலா வருகிறவர்களுக்காக வைத்ததுதான். காட்டு விலங்குகளைச் சாப்பிடக்கூடாது என்று 2020 பிப்ரவரி 24 அன்று தடையும் வந்துவிட்டது. இன்னும் வௌவால் படத்தை முகப்பில் போட்டு ஆள் சேர்க்கிறீர்கள், கீழே வந்து அந்த மக்களைக் கேவலமாகத் திட்டுகிறவனுக்கு இதயம் போடுகிறீர்கள். என்னோடு வேலை பார்க்கும் சீனர்கள் அதையெல்லாம் மொழிபெயர்த்துப் படிக்கிறார்கள், அப்புறம் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு வராதீர்கள் என்று சொல்லவில்லை, காலையிலேயே வாருங்கள், நானே கூட வந்து சுற்றிக் காட்டுகிறேன். ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். அந்த வீடியோவைப் போட்ட நண்பருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அந்த அம்மா முகம் வரும் பகுதியை இந்த வாரமே வெட்டிவிடுங்கள், டௌயினில் ஓடும் துண்டையும் நீக்கச் சொல்லிப் புகார் கொடுங்கள். தயவுசெய்து.