நன்னாரியைக் கொதிக்க விடாதே

மதுரை
சித்திரை மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்குச் சதாபிஷேகம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உன் கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு இலை இலையாகக் கேட்டுப் பரிமாறினாரே, அந்த மனுஷர்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறார். நாங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வருகிறோம். இவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டால் போதும். சின்னவளுக்கு வேலை கோவைக்கு மாற்றலாகிவிட்டது. வீடு தேடிக்கொண்டிருக்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கத்திரி வெயிலில் நூறு பேர் வருகிறார்கள், பாட்டில் குளிர்பானம் வேண்டாம், வீட்டிலேயே காய்ச்சி நன்னாரி சர்பத் கொடுக்கலாமா, ஆனால் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று எழுதியிருக்கிறாய். தாராளமாகக் கொடுக்கலாம். வருஷாவருஷம் பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டில் பாகு காய்ச்சும் வேலைதான். எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று: வேரைக் கூட்டு, சீனி தானாகக் குறையும். மணம் குறைவான பாகைத்தான் நாம் தம்ளர் நிறைய ஊற்ற வேண்டியிருக்கிறது. மணம் தூக்கலாக இருந்தால் நாலு டீஸ்பூனில் ஒரு தம்ளர் சர்பத் ஆகிவிடும்.

கணக்கைப் பார். பாகில் மூன்றில் இரண்டு பங்கு சீனி. 20 மில்லி ஊற்றினால் உள்ளே போவது சுமார் 18 கிராம். கடைகளில் ஊற்றுகிற மாதிரி 40 மில்லி என்றால் 35 கிராம். ஒரு நாளுக்கு மேல்சேர்க்கைச் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு நீர்மோர் தனியாக வைத்துவிடு, அவர்களுக்கு இந்த 18 கிராமே அதிகம். பனங்கற்கண்டு போட்டால் ஆகாதா என்று கேட்பாய். ருசி நன்றாக இருக்கும், ஆனால் அதுவும் சீனிதான்.

இப்போது வேர். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் ஒரு கட்டு எடுத்துப் போடுவார்கள். வாங்குமுன் ஒன்றை ஒடித்து முகர்ந்து பார். நல்ல நன்னாரி பென்சிலை விட ஒல்லியாக, கருஞ்சிவப்பு கலந்த பழுப்பில், தோலில் குறுக்குக் குறுக்காக வெடிப்போடு இருக்கும். தடித்த, சதைப்பற்றான துண்டுகள் கலந்திருந்தால் அது பெரும்பாலும் மாகாளிக் கிழங்கு. நம் விடுதியில் ஐயங்கார் பெண் மோரில் ஊறிய மாகாளி ஊறுகாயைத் திறந்தால் அறையே மணக்குமே, அதேதான். இரண்டுக்கும் மணம் தருகிற பொருள் ஒன்றே என்பதால் வியாபாரத்தில் ஒன்றின் பெயரில் மற்றது ஓடுகிறது. மாகாளி கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனாலும் சர்பத்துக்கு எனக்கு நன்னாரிதான் வேண்டும். அந்த மணப் பொருள் வெனிலாவில் இருக்கும் வெனிலினுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அணுக்கள் அத்தனையும் அதேதான், அடுக்கு மட்டும் வேறு. பாலோடு நன்னாரி இத்தனை இழைந்து போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் ஜிகர்தண்டா வேறு எந்தப் பாகிலும் அந்த ருசிக்கு வராது.

மணம் முழுக்கத் தோலில்தான். வேரை மண் போகத் தேய்த்துக் கழுவி, உரலில் போட்டு லேசாகத் தட்டு. தோல் பிளந்து நடுவில் வெள்ளையாக ஒரு குச்சி தெரியும். அதை உருவி எறிந்துவிடு. தோலை மட்டும் ஒன்றிரண்டாக இடித்துக்கொள். இடிக்கிறபோதே கூடம் வரைக்கும் மணக்கும்.

அடுத்துதான் முக்கியமான இடம். நிறையப் பேர் வேரைத் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுகிறார்கள். வீடு முழுக்க மணக்கும், பாட்டிலில் ஒன்றும் இருக்காது. நன்னாரியின் மணம் நீராவியோடு சேர்ந்து கிளம்பிப் போய்விடும் ஜாதி. அதனால் தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, இடித்த தோலைப் போட்டு, இறுக்கமான மூடி போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடு. காலையில் மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தில் நிற்கும் துளிகளை முகர்ந்து பார், நான் சொல்வது புரியும். அந்தத் துளிகளையும் பாத்திரத்திலேயே தட்டிவிடு. பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிழிந்து, கொஞ்ச நேரம் தெளிய விட்டு, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலாக இறுத்துக்கொள்.

சீனி எடைக்கு இரண்டு பங்கு, வடிநீர் ஒரு பங்கு. தம்ளரில் அளக்காதே, தராசில் வை. மருந்துக்காரர்கள் பயன்படுத்தும் வெறும் சீனிப்பாகுக்கும் இதே கணக்குதான், 66.7 சதவீதம். இதைவிடச் சீனி குறைந்தால் பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்துவிடும்; கூடினால் ஆறியதும் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டும். அடுப்பைச் சிறு தணலில் வைத்து, சீனி கரைகிற வரை கிளறினால் போதும். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம், அது ஜாங்கிரிக்கு. விரலில் தொட்டுப் பிசுபிசுவென்று ஒட்டினால் இறக்கிவிடலாம். இறக்கும் முன் அரை மூடி எலுமிச்சை பிழி. அந்தப் புளிப்பு சீனியில் கொஞ்சத்தை உடைத்து வைக்கும், பிறகு பாகு கற்கண்டு கட்டாது. ஜிகர்தண்டாவுக்கோ பாயசத்துக்கோ என்று எடுத்து வைக்கிற பாட்டிலுக்கு மட்டும் எலுமிச்சை வேண்டாம், பால் திரிந்தால் வம்பு.

நிறம் வெளிர் பழுப்பாகத்தான் வரும். கடைப் பாட்டில் மாதிரி கறுப்பாக இல்லையே என்று யாராவது கேட்டால் கவலைப்படாதே. வேண்டுமென்றால் சீனியில் ஒரு பிடியை முதலில் தனியாகச் சிவக்க வறுத்துக் கரைத்துக்கொள், தேன் நிறம் வந்துவிடும்.

சூடாக இருக்கும்போது பாட்டிலில் ஊற்றி மூடி வைத்துவிடாதே. மேலே வியர்த்துத் தண்ணீர் பாகின் மேல் சொட்டும், அந்த ஒரு மெல்லிய அடுக்கு நீர்த்துப் போய் அங்கேதான் முதலில் பூஞ்சை பூக்கும். முழுக்க ஆற விட்டு, வெந்நீரில் கொதித்து வெயிலில் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்று. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் விசேஷம் வரை நிம்மதி.

உன் நூறு பேருக்கு, சிலர் இரண்டாவது தம்ளர் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்று லிட்டர் பாகு போதும். அதற்கு 2.7 கிலோ சீனி, 1.35 லிட்டர் வடிநீர். வேர் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துவிடும், அதனால் கால் கிலோ வேரை ஒன்றே முக்கால் லிட்டரில் ஊறப் போடு. பரிமாறும்போது 20 மில்லி பாகு, அரை மூடி எலுமிச்சை, ஊறிய சப்ஜா ஒரு ஸ்பூன், குளிர்ந்த தண்ணீர். ஐஸ் கட்டியைத் தம்ளரில் போடாமல் அண்டாவில் போடு. தம்ளரில் போட்டால் குடித்து முடிப்பதற்குள் சர்பத் சப்பென்று ஆகிவிடுகிறது.

உன் மொட்டை மாடிப் பன்னீர் ரோஜாவிலும் இதே மாதிரி செய்யலாம். மாலைக்கு விற்கும் பூ வேண்டவே வேண்டாம், என்ன மருந்து அடித்திருப்பார்களோ. இதழை வெந்நீரில் மூடி வைத்தால் இதழ் வெளுத்து, தண்ணீர் அழுக்கு நிறத்தில் நிற்கும், பார்த்தால் பயமாக இருக்கும். நாலு சொட்டு எலுமிச்சை விடு, கண் முன்னாலேயே ரோஜா நிறம் திரும்பி வரும். இஞ்சி என்றால் சாற்றை அரைமணி வைத்து, அடியில் படியும் வெள்ளை மாவை விட்டுவிட்டு எடு. அவ்வளவுதான்.

அப்புறம், நுங்கு வந்துவிட்டதா அங்கே? இளசாகப் பார்த்து வாங்கி, தோல் நீக்கி, கையாலேயே பிய்த்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே எலுமிச்சை சேர்க்காத நன்னாரிப் பாகு இரண்டு ஸ்பூனும் கொஞ்சம் குளிர்ந்த பாலும் விடு. மாமாவுக்குப் பல் சங்கடம் என்றாயே, இதை அவர் சாப்பிட முடியும். அவருக்குச் சர்க்கரை இல்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் உன் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொடு.

வேரை நீ அங்கே தேடி அலைய வேண்டாம். கீழமாசி வீதியில் நானே முகர்ந்து பார்த்து வாங்கி, நடுக் குச்சியை உருவிப் போட்டு, தோலை மட்டும் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் கைக்கு வந்துவிடும். பாட்டில்கள் உன்னிடம் எத்தனை இருக்கின்றன என்று மட்டும் எழுது, போதாவிட்டால் நான் வரும்போது கொண்டு வருகிறேன்.

மாமாவுக்கு எங்கள் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழி