ஆரக்கிளை விட்டுவிட்ட கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’ என்ற சித்திரக்கதைத் தொடரின் 56-ஆம் இதழைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். குற்றவாளிகளை எதிர்த்து நிற்கும் பெண்கள் குழுவொன்றின் கதைக்குத் தமிழில் இவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதை ‘பேட்மேனின் வேலையைப் பெண்கள் செய்யும் கதை’ என்று சுருக்கியதும், அக்குழுவின் சண்டை வீராங்கனை பிளாக் கேனரி காலை வீசும் படத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டுவிட்டுக் குழுவின் தலைவியான ஆரக்கிளை எங்குமே காட்டாமல் விட்டதும் சரியல்ல.

ஆரக்கிள் என்ற பார்பரா கார்டன், 1967-இல் பேட்கேர்ள் என்ற முகமூடி நாயகியாக அறிமுகமானபோது, பேட்மேன் கதைகள் நடக்கும் கோதம் நகரத்து நூலகர். 1988-இல் வந்த ஒரு கதையில் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் சுட்டதால் அவர் நடக்கும் திறனை இழக்கிறார். தந்தையையும் பேட்மேனையும் வதைப்பதற்கு ஒரு வழி என்ற அளவிலேயே அவருடைய துன்பம் அக்கதையில் இடம்பெறுகிறது. அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்று கதை திரும்பிப் பார்ப்பதில்லை. இதை ஏற்க முடியாத எழுத்தாளர் கிம் யேல், தம் கணவர் ஜான் ஆஸ்ட்ரேண்டருடன் சேர்ந்து 1989-இல் ‘சூசைட் ஸ்குவாட்’ தொடரின் வழியே பார்பராவை ஆரக்கிளாக மீட்டெடுத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, கணினித் திரைகளின் முன்னிருந்து, காவல்துறைக்கும் எட்டாத செய்திகளைத் திரட்டி மற்றவர்களை வழிநடத்தும் அறிவு அவருடையது. அது பேட்மேன் கொடுத்த வரமல்ல. நூலகத்தில் பழகிய தேடலும் அபாரமான நினைவாற்றலுமே அதற்கு அடிப்படை.

2003-இல் வெளிவந்த இந்த 56-ஆம் இதழிலிருந்துதான் கெய்ல் சிமோன் இத்தொடருக்குக் கதை எழுதத் தொடங்கினார். ஆண் நாயகர்களின் கோபத்தைத் தூண்டுவதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999-இல் பட்டியலிட்டுக் கேள்வி எழுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர் இத்தொடரில் தம் முதல் கதையிலேயே பிளாக் கேனரியை எதிரியிடம் சிக்கவைக்கிறார் என்றால், அதில் ஒரு நோக்கம் இருக்கிறது. சாவன்ட் என்ற அந்த எதிரி பணயமாகக் கேட்பது பணத்தை அல்ல, பேட்மேன் உண்மையில் யார் என்ற ரகசியத்தை. தோழியின் உயிரா, காத்துவரும் நம்பிக்கையா என்ற நெருக்கடி ஆரக்கிளுக்கு. அவர் எந்த ஆண் நாயகரையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. தாம் முழுதாக நம்பாத ஹன்ட்ரஸ் என்ற மற்றொரு நாயகியின் உதவியை நாடுகிறார். பிடிபட்டவரும் மீட்கப்படட்டும் என்று சும்மா கிடப்பதில்லை. முன்பின் ஒத்துப்போகாத பெண்கள் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொள்ளும் இந்தப் பகுதியைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார் என்பதே என் முதன்மையான குறை.

ஓவியங்களை அவர் ஒட்டுமொத்தமாகப் புகழ்ந்திருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தக்கலைப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்பித்துவருகிறேன். எங்கள் மாவட்டத்தின் இந்தக் கலையில், கை ஓங்குவதற்கு முன்பே சுவட்டைத்தான், அதாவது கால் வைக்கும் முறையைத்தான், சொல்லிக்கொடுப்போம். கால் நிலைகொள்ளாமல் விடும் அடி அடித்தவரையே சாய்த்துவிடும். இந்த இதழை வரைந்த எட் பெனெஸ் திறமையான ஓவியர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாங்கள் அச்சிட்ட படத்தையே பாருங்கள்: மார்பும் இடுப்பும் ஒருசேர வாசகரை நோக்கும்படி முதுகெலும்பு முறுக்கப்பட்டிருக்கிறது, ஊன்றிய கால் குதிகாலுயர்ந்த காலணியில் நிற்கிறது. பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி அதைப் பார்த்தவுடன், “இவங்க அடிச்சா இவங்கதானே விழுவாங்க ஆசான்?” என்று கேட்டாள். பெண்களின் மதியையும் மன உறுதியையும் எழுத்து மதித்த அளவுக்கு ஓவியம் அவர்களுடைய உடலின் வலிமையை மதிக்கவில்லை. வரைந்தவர் விற்பனையை எண்ணியிருக்கலாம். விமர்சனம் எழுதுகிறவர் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

2011-இல் டிசி நிறுவனம் தன் தொடர்களையெல்லாம் புதிதாகத் தொடங்கியபோது பார்பராவை மீண்டும் நடக்கவைத்துப் பேட்கேர்ளாக்கியது. தம்மைப் போன்ற ஒரு நாயகி கிடைத்தாள் என்று மகிழ்ந்திருந்த மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலருக்கு அது பேரிழப்பாயிற்று. அவரை நாற்காலியில் அமர்ந்த நாயகியாகக் காட்ட இந்த இதழ் நல்ல வாய்ப்பாக இருந்தும் தங்கள் இணைப்பு அதைத் தவறவிட்டதால்தான் இவ்வளவு விரிவாக எழுத நேர்ந்தது.

பெண் நாயகி தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குப் புதியவள் அல்லள். 1984-இல் சிவகாசியின் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே மாடஸ்டி பிளைசியின் சாகசத்துடன்தான் தொடங்கியது. எனினும் அவளுக்குத் துணை வில்லி கார்வின் என்ற ஆண். பெண்களே திட்டமிட்டு, பெண்களே சண்டையிட்டு, தங்களுக்குள் முரண்பட்டும் பிரியாதிருக்கும் ஒரு குழுவின் கதையை நம் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும். சிவகாசிப் பதிப்பாளர்கள் உரிமை பெற்று இந்தத் தொடரை வெளியிட முன்வருமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ஆரக்கிளும் ஹன்ட்ரஸும் அடுத்த இதழ்களில் எவ்வாறு இணைந்து செயல்படுகிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
அடிமுறைப் பயிற்றுநர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.