பகலில் கூத்தாட வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். செய்யாறு வட்டாரத்தில் தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, நடத்தும் வாத்தியார் எழுதுகிறேன். கொரோனாக் காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல் எப்போதோ வந்திருக்க வேண்டும். பட்ட கடனில் கடைசித் தொகை இந்தத் தை மாதத்தில்தான் அடைந்தது. கடன் நிற்கும்போது நன்றி எழுதினால் மறுபடியும் உதவி கேட்பதாகத் தோன்றிவிடும் என்று ஜமாவில் மூத்தவர்கள் தடுத்தார்கள். இப்போது அந்தத் தயக்கம் இல்லை.

எங்கள் பிழைப்பு பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவெல்லாம் கூத்து நடக்கும். கடைசியில் துரியோதனன் வீழ்வதை ஆடும் படுகளம், பிறகு தீமிதி. அந்த நாலைந்து மாத வருமானத்தில்தான் ஆண்டு முழுக்க உலை கொதிக்கும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது பங்குனி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை. அதே மாதத்தில் இரவு ஊரடங்கும் பத்து மணிக்குத் தொடங்கியது. பத்து மணி என்பது நாங்கள் களரி கட்டும், அதாவது இசை முழங்கக் கூத்தைத் தொடங்கும் நேரம். 2022 ஜனவரியில் மீண்டும் அதே பத்து மணி. நோயின் கொடுமை அப்படி இருந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் தொழில் முழுவதும் இரவுக்குள் இருந்தது, அந்த இரவே இல்லாமல் போனது என்பதைச் சொன்னால்தான் நீங்கள் செய்த உதவியின் அளவு மற்றவர்களுக்குப் புரியும்.

முதல் நன்றி, வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்திருந்த ஊர்களுக்கு. வழக்கப்படி அந்தப் பணத்தை நடிகர்களுக்கு முன்பணமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். கேட்டிருந்தால் திருப்பித் தர எங்களிடம் காலணா இல்லை. ஒரு ஊரும் கேட்கவில்லை. "கூத்து எங்கே போய்விடும் வாத்தியாரே, அடுத்த வருஷம் ஆடிக் கொடுங்கள்" என்றார் ஒரு கோயில் தர்மகர்த்தா. அடுத்த வருஷமும் முடியவில்லை. அப்போதும் அவர் அதையே சொன்னார். எங்கள் தெரு மளிகைக் கடை அம்மாவும் கணக்கு நோட்டை ஒருநாளும் எடுத்து நீட்டியதில்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிந்திருந்தவர்களுக்கு அரசின் நிவாரணம் வந்தது. பதியாமல் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் படிவம் நிரப்பி, புகைப்படம் எடுத்து, அடையாள அட்டை கைக்கு வரும்வரை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அலைந்தார். அவருக்கும் எங்கள் வணக்கம்.

இரண்டாம் அலையில் எங்கள் முகவீணைக்காரர் படுத்துவிட்டார். முகவீணை என்பது நாதசுரம் போன்ற சிறிய ஊதுகருவி. அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பினார், ஆனால் ஒரு விருத்தத்துக்குக் கூடவே ஊதி வர மூச்சு நிற்கவில்லை. பாதியில் இருமல் வந்துவிடும். முகவீணை இல்லாமல் கூத்து நடத்தலாம், ஆனால் வேடம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது ஊரையே தூக்கி உட்கார வைப்பது அந்த ஒலிதான். அந்த மருத்துவமனையில் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றை அவர் கையில் கொடுத்து, உறிஞ்சும் விதத்தையும் நிறுத்தும் விதத்தையும் செய்து காட்டினார். அதோடு விட்டுவிடவில்லை. வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, இன்று எத்தனை பந்து எழுந்தது?" என்று கேட்பார். மூன்று பந்தும் மேலே நின்ற அன்று அண்ணன் முகவீணையை எடுத்து அதே தொலைபேசியில் அந்தத் தங்கைக்கு வாசித்துக் காட்டினார். அம்மா, உங்கள் பெயரை எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் எழுதவில்லை.

இனி எங்களைப் பகலில் கூத்தாட வைத்த கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி. அரிசி, பருப்பு கொடுத்தவர்கள் பலர், அவர்கள் எல்லோரையும் கும்பிடுகிறோம். இந்தப் பிள்ளைகளோ வந்ததும் "எங்களுக்கு ஒரு கூத்து வேண்டும், என்ன சம்பளம்?" என்று கேட்டார்கள். பல மாதமாக அந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை. பெட்டியைத் திறந்தோம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடத்திலும் தோளில் கட்டும் புஜக்கட்டையிலும் பூச்சி துளை போட்டிருந்தது. துளைகளை அடைத்து, விழுந்துபோன கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி, சாயம் தீட்டினோம். பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டினார்கள்.

கர்ணனின் கடைசிப் போரையும் சாவையும் சொல்லும் கர்ண மோட்சம் ஆடுவது என்று முடிவானது. விடிய விடிய ஆடுவதை, செல்போனில் படம் பிடிப்பதற்காக இரண்டு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். கதையைச் சுருக்கி எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம் என்றார்கள் சிலர். நான் சம்மதிக்கவில்லை. போர்க்களத்துக்குப் புறப்படும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் இடத்தை ஒரு அடிகூடக் குறைக்காமல் முழுதாக ஆடினோம். மற்றவற்றை, கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரர் வாய்மொழியாகச் சொல்லிக் கடத்தினார். இன்றைக்கும் குறுங்கூத்து கேட்கிறவர்களுக்கு இதே முறையில்தான் கொடுக்கிறோம். சுருக்கப்பட்ட பாரதம் யாருக்கும் நினைவில் நிற்காது. முழுதாக ஆடிய ஒரு தர்க்கம் நிற்கும்.

மாலை நான்கு மணிக்குக் களத்துமேட்டில் படப்பிடிப்பு. இரவு விளக்குக்காகத் தீட்டும் அரிதாரம் பகல் வெயிலில் கண்ணைக் குத்தியது. கிரீடத்துக் கண்ணாடிகள் மின்னிப் படத்தை வெளுத்தன. பிள்ளைகள் செல்போனில் எடுத்ததை எங்களுக்கே காட்டி, "வாத்தியாரே, நீங்களே பாருங்கள்" என்றார்கள். கோடுகளை மெல்லியதாக்கினோம், நிற்கும் திசையை மாற்றினோம். ஒரு தம்பி செல்போனைத் தரையோடு தரையாக வைத்தான். திரை பிடித்திருக்கும்போது, திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். வேடத்தின் குணம் அந்தக் காலிலேயே வந்துவிடும். முன்வரிசையில் பாய் போட்டு உட்காரும் குழந்தைகளைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. அன்று எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் கலையில் இருந்த ஒன்றையே எங்களுக்கு எடுத்துக் கொடுத்தான் அந்தத் தம்பி.

கட்டியக்காரருக்குத்தான் பெரும்பாடு. எதிரே ஆள் இல்லாமல் அவரால் ஒரு வரி பேச முடியாது. முகக்கவசத்துக்குள் சிரித்தால் கேட்காது என்று பிள்ளைகள் கை தட்டினார்கள், தூரத் தூர நின்று எதிர்ப்பேச்சுப் பேசினார்கள். அடுத்த முறை நேரலை. பெங்களூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலைக்குப் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுதிய கருத்துகளை ஒருவன் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிப் பிடித்தான். கட்டியக்காரர் அதைப் படித்து அவரவர் ஊர்ப் பெயரைச் சொல்லி வம்புக்கு இழுத்தார். கூகுள் பேயில் வந்த பணத்தை, களத்தில் எப்படிக் கூவுவோமோ அப்படியே, "இன்னார் மகன் இன்னார் அன்பளித்த ரூபாய்" என்று தாளம் தட்டிக் கூவினார். அப்பா பெயரோடு தன் பெயரைக் கேட்டதும் துபாயில் உட்கார்ந்து அழுதேன் என்று ஒருவர் பிறகு பேசினார். ஐம்பது ரூபாய் அனுப்பியவர்கள் முதல் ஆயிரங்கள் அனுப்பியவர்கள் வரை எல்லோருக்கும் ஜமாவின் நன்றி.

இன்னொரு கூட்டத்தாருக்கு நன்றி சொல்லும்போது மனம் கனக்கிறது. எங்கள் பக்கம் கருமாதி இரவில் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பேர் கூட்டமும் இல்லாமல், கூத்தும் இல்லாமல் அடக்கமானார்கள். தடை நீங்கிய பிறகு, முதலாண்டு நினைவு நாளில் சில குடும்பங்கள் எங்களை அழைத்து விட்டுப்போன கர்ண மோட்சத்தை ஆடச் சொன்னார்கள். தாங்களே நொந்து கிடந்த வேளையில், பேரம் பேசாமல் முழுச் சம்பளமும் விடியற்காலைச் சாப்பாடும் கொடுத்தார்கள். கர்ணன் சாயும் இடத்தில் அந்த வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஒரு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த அழுகை அது. அப்படிப்பட்ட இரவில் எங்களை வீட்டு மனிதர்களாக நடத்திய உங்களை மறக்க மாட்டோம்.

பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகள் திண்ணையில் கூத்தாட்டத்தின் அடவு பழகினார்கள். அவர்களோடு சேர்ந்து பழகிய பெண் பிள்ளைகள் இருவர் இப்போது வேடம் கட்டுகிறார்கள். ஆண்களே ஆடிவந்த ஜமாவில் மகளை அனுப்பிய பெற்றோருக்கும், ஒப்பனைக்குத் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்த ஊர்களுக்கும் நன்றி.

இன்று விடிய விடியக் கூத்து திரும்பிவிட்டது. பாரதத்துக்கு அதுதான் முறை. பள்ளிகளுக்கும் நகரத்து மேடைகளுக்கும் இரண்டு மணி நேரக் கூத்து தனியாக நிற்கிறது. நேரலையை விடவில்லை. ஊருக்கு வர முடியாதவர்களுக்காக ஒவ்வொரு பாரதத் திருவிழாவிலும் ஓர் இரவாவது ஒளிபரப்புகிறோம்.

உங்களிடமிருந்து வந்த பணத்தின் வரவு செலவு கோயில் மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கடன் போக மீதி இருந்ததில் புதிய மத்தளம் ஒன்றும், அந்தப் பெண் பிள்ளைகளின் தோளுக்கு ஏற்ற அளவில் புஜக்கட்டையும் செய்தோம். பங்குனியில் பாரதம் தொடங்குகிறது. உதவியவர்கள் குடும்பத்தோடு வரவேண்டும். தங்க எங்கள் வீடுகள் இருக்கின்றன, சாப்பாடு ஜமாவோடு. வருகிற நாளை முன்கூட்டிச் சொன்னால் கட்டியக்காரர் உங்கள் பெயரைச் சொல்லிக் களரியில் வணக்கம் வைப்பார்.

இப்படிக்கு,
கூத்து வாத்தியாரும் ஜமாவும்
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்