புக்கிட் மேரா ஏரிக்கரைத் தோட்டத்தின் பழைய மயானத்தை அளந்து பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தோட்டத்தின் முன்னாள் குடியிருப்பாளர்கள்,
பாகான் செராய், பேராக்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
கிரியான் மாவட்டம், பேராக்.

பொருள்: தோட்ட மயானத்தை நில வரைபடத்தில் சேர்த்தலும், ஏரிக்கரையில் வரலாற்றுப் பலகை வைத்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புக்கிட் மேரா ஏரியை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அது செம்பனையாக (எண்ணெய்ப்பனையாக) மாறிய பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்துவிட்டுப் பாகான் செராயிலும் செமாங்கோலிலும் குடியேறிய குடும்பங்களின் சார்பில் இம்மனுவைத் தங்கள் பார்வைக்குக் கொண்டு வருகிறோம். லயங்கள் இடிக்கப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. எஞ்சி நிற்பவை மயானமும் முனியாண்டி கோயிலின் கல்மேடையும் மட்டுமே.

குராவ் ஆற்றை மறித்து உருவாக்கப்பட்ட இந்த ஏரி, 1906இல் நிறைவு பெற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்திற்காக எழுந்தது. மலாயாவின் முதல் பெரிய நெற்பாசனத் திட்டம் அதுவே என்பதையும், இன்றும் ஏறத்தாழ 24,000 ஹெக்டர் வயல் அதன் நீரை நம்பியிருப்பதையும் தாங்கள் நன்கறிவீர்கள். ஏரி வருவதற்கு முன்பே கிரியானின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் சஞ்சிக் கூலிகளாக, அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, வந்து சேர்ந்திருந்தார்கள். 1910இல் அந்த ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் கரும்பும் போய் ரப்பரும் தென்னையும் வந்தன. கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள் பால்மரம் சீவினார்கள். ஏரியின் குறுக்கே போகும் ரயிலின் ஊதலைக் கேட்டுத்தான் எங்கள் தாய்மார்கள் உலை வைத்தார்கள். வறட்சியில் நீர் இறங்கி, மூழ்கிய காட்டின் அடிமரங்கள் தலைகாட்டும் மாதங்களில், சேற்றில் இறங்கி மீன் பிடித்துத்தான் பல வீடுகளில் குழம்பு கொதித்தது.

இன்று ஏரிக்கு வரும் பயணிகள் கெலிசா மீனைப் பற்றியும் ஓராங் ஊத்தான் தீவைப் பற்றியும் கேட்டறிந்து செல்கிறார்கள். அதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் கரையோரம் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை என்பது எங்கள் மனத்தை வருத்துகிறது.

மயானத்தில் பெரும்பாலானவை வெறும் மண்மேடுகள். ஒரே ஒரு சிமெண்டுப் பலகையில், ஈரம் காயும் முன்பே குச்சியால் கீறிய தமிழெழுத்துகள் இருக்கின்றன. பெயர் தேய்ந்துவிட்டது, ‘மகள்’ என்ற சொல்லும் 1931 என்ற எண்ணும் மட்டும் விரலால் தடவினால் தெரிகின்றன. அந்தப் பலகையின் நீளம் ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். கடந்த ஆண்டு பாதையை அகலப்படுத்த வந்த குத்தகையாளரின் மண்வாரி இயந்திரம் அதன் ஒரு மூலையை உடைத்து, பக்கத்திலிருந்த இரண்டு நடுகற்களையும் வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டது. அது மயானம் என்று எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாததால், கேட்டதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. கற்களை நாங்களே தூக்கி வந்து பழைய இடத்தில் நட்டோம்.

ஆகவே, மயானத்தையும் கல்மேடையையும் நில அளவையாளரைக் கொண்டு அளந்து மாவட்ட வரைபடத்தில் சேர்க்குமாறும், அதுவரை அங்கு எந்த மண்வேலையும் நடைபெறாதபடி உத்தரவிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். ஏரியும் தோட்டமும் உருவான கதையை மலாயிலும் தமிழிலும் கூறும் பலகை ஒன்றைக் கரையில் வைக்கத் தாங்கள் அனுமதித்தால், அதற்கான செலவை நாங்களே ஏற்றுக்கொள்வோம். பழைய தோட்ட வரைபடங்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்குமானால், அவற்றைப் பார்வையிடவும் இசைவளிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்த பாட்டி ஒருவர், யார் எந்த மேட்டில் கிடக்கிறார் என்பதை இன்றும் வரிசை பிசகாமல் சொல்கிறார். அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. நடமாட்டம் குறைந்து வருகிறது. தங்கள் அதிகாரிகள் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், புதரை வெட்டி வழி செய்து, அவரையும் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து, ஒவ்வோர் இடத்தையும் காட்டச் செய்வோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தோட்டத்தின் முன்னாள் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)