மகதலா மரியாவின் பக்கங்களைத் திருத்தித் தாருங்கள்

பெறுநர்:
மேலாளர், சிறுவர் நூல் பிரிவு

பொருள்: விவிலியப் பெண்கள் பற்றிய படக்கதை நூலில் உள்ள பிழை – வாங்கிய 35 பிரதிகளுக்குத் தீர்வு வேண்டுதல்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்புக்காக, விவிலியப் பெண்களைப் பற்றிய உங்கள் படக்கதை நூலை 35 பிரதிகள் வாங்கினேன். பிரதி 240 ரூபாய் வீதம் மொத்தம் 8,400 ரூபாய். தாளும் அச்சும் நன்றாக இருக்கின்றன. ரூத்து, எஸ்தர் கதைகளைப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். என் புகார் மகதலா மரியாவுக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் நான்கு பக்கங்களைப் பற்றியது.

முதல் பக்கத்தில் சிவப்பு உடை, விரித்த கூந்தல், சுற்றிலும் கையில் கல்லோடு ஆண்கள். கீழே, "மகதலா மரியா ஒரு விலைமகள்" என்று ஒரு வரி. அடுத்த படத்தில் அவரே இயேசுவின் காலடியில் அழுது, கூந்தலால் பாதங்களைத் துடைக்கிறார். மூன்றாவது படம் சிலுவையடி. நான்காவது, உயிர்ப்பு ஞாயிறு காலை. கல்லறை வாசலில் பேதுருவும் யோவானும் நிற்கிறார்கள். மரியா எங்கே என்று தேடினால், ஒரு மரத்துக்குப் பின்னால் சிவப்பு முக்காட்டின் ஓரம் மட்டும் தெரிகிறது.

என் வகுப்பில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். பெயர் மதலேன்; மகதலா மரியாவின் பெயரிலிருந்து வந்த பெயர். பாட்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அன்று வாசிக்கும் முறை அவளுக்கு வந்தது. அந்த வரியில் நின்று, "மிஸ், விலைமகள்னா என்ன?" என்று கேட்டாள். பின்வரிசையில் அர்த்தம் தெரிந்த இரண்டு பையன்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தவள், வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதே என் மேசைக்கு வந்து, வீட்டில் கூப்பிடும் பெயரையே சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். அவளுடைய புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வரியின் மேல் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கிறுக்கியதில் தாளே கிழிந்திருந்தது.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "காலங்காலமா எல்லாரும் சொல்ற கதைதானே மேடம்" என்றார். சரி, காலங்காலமாகச் சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் நற்செய்தியில் அப்படி ஒரு வரி கிடையாது.

லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில், பரிசேயர் சீமோன் வீட்டு விருந்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்தவர் ஒரு "பாவியான பெண்". அவருக்குப் பெயர் சொல்லப்படவில்லை. என்ன பாவம் என்றும் சொல்லப்படவில்லை. கல்லெறியப்பட இருந்த பெண் வருவது யோவான் 8-ஆம் அதிகாரத்தில். அவருக்கும் பெயரில்லை. யோவான் 12-இல் நறுமணத் தைலம் பூசிக் கூந்தலால் துடைப்பவர் பெத்தானியா மரியா, மார்த்தாவின் சகோதரி. பெத்தானியா எருசலேமுக்குப் பக்கத்து ஊர். மகதலாவோ வடக்கே கலிலேயக் கடலின் கரையில் இருந்த மீன்பிடி ஊர்; 2009-இல் அங்கே முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நீங்கள் மூன்று பெண்களின் கதையை எடுத்து நான்காவது பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

மகதலா மரியாவின் பெயர் லூக்காவில் முதலில் வருவது 8-ஆம் அதிகாரத்தில். ஏழு பேய்கள் நீங்கிக் குணமானவர் அவர். ஏரோதின் அதிகாரி கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா ஆகியோருடன் சேர்ந்து, தம் சொந்த உடைமைகளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் உதவியவர். நற்செய்திகளில் பேய் பிடித்தவர்கள் குணமாக வேண்டியவர்களாகத்தான் வருகிறார்கள். சின்னக் குழந்தைக்குக்கூடப் பேய் பிடித்திருந்ததாக வருகிறது. அதை ஒழுக்கக்கேடு என்று யாரும் சொல்வதில்லையே!

குழப்பம் பெரிதானது 591-இல். திருத்தந்தை முதலாம் கிரகோரி தம் மறையுரையில், பாவியான பெண்ணும் பெத்தானியா மரியாவும் மகதலா மரியாவும் ஒருவரே என்றார். ஏழு பேய்களை எல்லாத் தீய குணங்களுக்கும் அடையாளமாக விளக்கினார். கொள்ளைநோயால் நொந்துபோயிருந்த ரோமை மக்களுக்கு மன்னிப்பின் நம்பிக்கையைக் கொடுக்கவே அவர் பேசினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மேற்கே ஓவியங்களும் சிற்பங்களும் நூற்றாண்டுக் கணக்கில் அழுகிற மகதலாவையே காட்டின. கீழைத் திருச்சபைகள் இந்த மூவரையும் ஒருவராக்கவே இல்லை. அயர்லாந்தில், திருமணமாகாமல் தாயான பெண்கள் உட்படப் பலரை அடைத்து வேலை வாங்கிய சலவைக்கூடங்களுக்கு மகதலேன் என்றே பெயர். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996-இல்தான். 2013-இல் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. ஒரு பெயர்மேல் ஒட்டிய கறை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்.

திருச்சபையே இதைத் திருத்திக்கொண்டது. 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியைச் சீரமைத்தபோது, மகதலா மரியாவின் நினைவு நாளான ஜூலை 22-க்கு உரிய நற்செய்தியாக, பாவியான பெண்ணின் பகுதிக்குப் பதில் யோவான் 20-ஆம் அதிகாரத்தை வைத்தார்கள். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மரியாவின் அந்த நினைவு நாளை, திருத்தூதர்களின் நாள்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். "திருத்தூதர்களின் திருத்தூதர்" என்ற பழைய பட்டத்தை அவருக்கான திருப்பலிச் செபத்தின் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். உங்கள் நூலின் முதல் பதிப்பு அதற்கும் பிறகு வந்தது.

அந்த யோவான் 20-ஐ ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பேதுருவும் இன்னொரு சீடரும் ஓடி வருகிறார்கள், கல்லறைக்குள் பார்க்கிறார்கள், வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மரியா போகவில்லை. வெளியே நின்று அழுகிறார். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுகிறார். "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பி, "ரபூனி", அதாவது "போதகரே", என்கிறார். அப்புறம் சீடர்களிடம் போய், ஆண்டவரைக் கண்டேன் என்று சொல்கிறார். உங்கள் நூலில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இவர்தான். முதல் பக்கத்து வரியைவிட இந்தப் படம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

பாவம் செய்து மனம் மாறியவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. லூக்கா 7-இல் வரும் பெண்ணின் கதை அழகானது. பெயர் சேர்க்காமல் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். இந்த நான்கு பக்கங்களையும் திருத்தி, பழைய பக்கங்களின் மேல் ஒட்டக்கூடிய தாளாக 35 பிரதிகளுக்கும் அனுப்புங்கள். முடியாது என்றால் பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள். கூரியர் செலவு உங்களுடையது. கையிருப்பில் உள்ள பிரதிகளையும் திருத்தாமல் விற்காதீர்கள். புதிய பக்கத்தை வரையும்போது, கல்லறை முன் நிற்கும் மரியாவின் முகம் தெரிய வேண்டும்.

ஜூலை 22-க்கு முன் கிடைத்தால் நல்லது. அன்று வகுப்பில் யோவான் 20-ஐ வாசிக்க மதலேன் ஒத்துக்கொண்டிருக்கிறாள். ரசீது நகலும், அந்த நான்கு பக்கங்களின் புகைப்படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை, உங்கள் வாடிக்கையாளர்