கிணற்றை எடுத்துவிட்டேன், செல்வி

செல்வி,

உன் கதை நம் பத்திரிகையில் அச்சாகி நேற்றோடு ஒரு வருஷம். தொகுப்புக்கான பக்கங்கள் இப்போது என் மேசையில். அன்று வெட்டச் சொன்ன வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், முடிவில் வரும் கிணற்றை எடுத்துவிட்டேன்.

மணமாகாத உன் நாயகி பிள்ளையைத் தத்துக்கு ஒப்படைத்துவிட்டு, பெற்ற மூன்றாம் நாள் பேருந்தில் திரும்புகிறாள். பின்சீட்டில் யார் வீட்டுக் குழந்தையோ அழுகிறது. இவள் ரவிக்கை நனைகிறது. நீ எழுதியது அவ்வளவுதான். வாசகர் முகம் சுளிப்பார்கள் என்று வெட்டச் சொன்னேன். முடிவு பலமில்லை என்று அவளைக் கிணற்றில் விழ வைத்ததும் நான்தான். தப்பு என்னுடையது. அந்த மாதம் நாலு பக்கத்துக்கு மேல் இடமில்லை என்பதும் உண்மை.

ஆனால் நீ ஏன் "சரிக்கா" என்றாய்? ஒரு தடவை மறுத்திருக்கலாம். பிறகு கூட்டத்தில் போய், அவளைப் பத்திரிகை கொன்றது என்று பேசினாய்.

அந்த வரி சரியான வரி. முதல் இரண்டு நாள் சீம்பால், சொட்டுக் கணக்கு. மூன்றாம் நாள் வாக்கில்தான் பால் இறங்கும், எந்தக் குழந்தை அழுதாலும் சுரக்கும். குடிக்கப் பிள்ளை இல்லாவிட்டால் மார்பு கல்லாக இறுகும், உடம்பு காயும். வலி தாங்காமல் முழுக்கப் பீய்ச்சினால் மறுபடி ஊறும். தொடுத்த மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டி, தினமும் புதுப்பூ மாற்றுவது நம் பக்கத்துப் பழைய வழி. இதையும் கதையில் சேர். பூ வாங்குகிறாள், தலையில் காணோம், வாசம் மட்டும் வருகிறது. தெரு அதைக் கவனிக்கும். கர்ணனை ஆற்றில் விட்ட குந்திக்கும் மூன்றாம் நாள் வந்திருக்கும். நாம் கேட்ட கதை பெட்டியின் பின்னாலேயே போய்விட்டது.

இந்த விவரங்களை உனக்குச் சொன்னவளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். பேருந்தின் ஊரையும் மாற்றிவிடு.

ஆஸ்பத்திரிக் காட்சியைத் திருத்த வேண்டும். புருஷன் கையெழுத்து இல்லாததால் கலைக்க மறுத்தார்கள் என்று வைத்திருக்கிறாய். 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதமே போதும், 1971 சட்டத்திலேயே அப்படித்தான். கேட்கிறார்கள் என்பது வேறு. உன் கதை 2019இல் நடக்கிறது. அப்போது வரம்பு 20 வாரம். மணமாகாதவளுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 செப்டம்பரில். அவள் அந்த ஓர் இரவிலிருந்து எண்ணி நாலரை மாசம் என்கிறாள். டாக்டர் கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து எண்ணுவார், ஏறக்குறைய இரண்டு வாரம் கூடும். அந்த இரண்டு வாரத்தில்தான் அவளுக்குக் காலம் கடந்துபோகிறது. இப்படி எழுதினால் நர்ஸைக் கெட்டவளாக்க வேண்டியதில்லை.

அப்பா பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, அதனால் பிள்ளையைக் கொடுத்தாள் என்பதும் நிற்காது. தாயின் உறுதிமொழிப் பத்திரம் போதும் என்று 2015இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அவள் கொடுத்ததற்கு அம்மாவின் மௌனம், வீட்டு ஓனர், தங்கைக்கு வந்த வரன் என்று உன் கதையிலேயே காரணங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பு.

குழந்தைகள் நலக் குழு முன்னால் கையெழுத்துப் போட்டதும் எல்லாம் முடிந்தது என்கிறாய். மனம் மாறினால் திரும்பக் கேட்க 60 நாள் உண்டு. பத்து நாளில் பால் வற்றினாலும் ஏழு வாரம் மிச்சமிருக்கிறது, செல்வி. அந்த ஏழு வாரத்தை நான் ஒரு கிணற்றால் மூடிவிட்டேன். நீயும் மூட விட்டாய்.

முதல் வரைவில், பக்கத்து சீட்டு அம்மாள் ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து துண்டை எடுத்து இவள் மடியில் வைத்ததாக ஞாபகம். அந்தத் தாள் என்னிடம் இல்லை. உன்னிடம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு.

அக்கா